ராஜா பிறந்தநாளில் கோணி கட்டியவன்

ஏழு மாதம் ஆப்பிள் பறித்துவிட்டு ஊர் திரும்பிவிடலாம் என்றுதான் கிதியோனி டோங்காவிலிருந்து நியூசிலாந்துக்கு விமானம் ஏறினான். நோய் வந்தது, எல்லையை இழுத்து மூடினார்கள், போனவன் போன இடத்திலேயே மாட்டிக்கொண்டான். இது இரண்டாவது குளிர்காலம். பழமில்லாத மரங்களுக்குக் கவாத்து செய்துகொண்டிருந்தான். அவனைப் போல இன்னும் எழுபது பேர் அந்தத் தோப்பில். எல்லாரும் வாயைத் திறந்தால் டோங்கா ராஜாவின் பிறந்தநாள் பேச்சுதான். வேலை கெடக் கூடாதென்று விருந்தைச் சனிக்கிழமைக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். பாட்டை எடுத்துக் கொடுப்பவன் கிதியோனி. அவன் தொண்டையைச் செருமினாலே கூட்டம் அடங்கிவிடும்.

புதன்கிழமை அக்கா மகள் லூபே போனில் கூப்பிட்டாள்.

"மாமா, அம்மா போயிட்டாங்க. சனிக்கிழமை பதினொரு மணிக்கு அடக்கம்."

அங்கே பதினொன்று என்றால் இங்கே பத்து. சரியாக விருந்து நேரம்.

டோங்காவில் அக்கா தம்பியைவிட உசத்தி. அக்காவின் பிள்ளை அதற்கும் மேலே, அது வைத்ததுதான் சட்டம். கிதியோனியின் வீட்டில் பழைய கட்டுப்பாடு இன்னும் கறார். விவரம் தெரிந்த வயதிலிருந்து அவனும் அக்கா மெலெயானாவும் ஒரே கூரைக்குக் கீழே படுத்ததில்லை. அவளிடம் பேசும்போது அவன் பார்வை தரையில்தான் இருக்கும். அவள் செத்தாலும் அதே முறைதான். அவளைக் கிடத்திய அறைக்குள் தம்பி போகக் கூடாது. நைந்துபோன பெரிய பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறம் குழி தோண்டிக் கல் காயவைத்த மண்ணடுப்பில் வேகவேண்டும், வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போடவேண்டும், கடைசியாகத் தின்னவேண்டும். அக்காவுக்குத் தம்பி செய்கிற மரியாதை அது. அதையும் செய்யக் கொடுத்து வைக்கவில்லையே என்று அவன் அன்று ராத்திரி போர்வைக்குள் அழுதான்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் அத்தனை பேரும் கறுப்பு கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். வருஷம் முழுக்க அவர்களுக்கு வாய்த்ததே இந்த ஒரு நாள். கிதியோனி குழுத் தலைவன் செமிசியிடம் போனான்.

"நான் பாடல. பன்னி சுடுற வேலையப் பாத்துக்கிறேன்."

"ஏன், தொண்டையில ஆப்பிள் மாட்டிக்கிச்சா?" என்றான் செமிசி.

சனிக்கிழமை காலை எல்லாரும் வெள்ளைச் சட்டையும் விசேஷத்துக்குக் கட்டுகிற நல்ல இடுப்புப் பாயுமாக சர்ச் கூடத்துக்கு வந்தார்கள். கிதியோனியிடமும் ஒரு நல்ல பாய் இருந்தது. ஆனால் கிழிந்த பாய்க்கு இந்தச் சீமையில் எங்கே போவான் பாவம்? கொட்டகையில் கிடந்த இரண்டு கோணிகளைப் பிய்த்து இடுப்பில் சுற்றிக்கொண்டு, கூடத்தின் பின்னால் குழி தோண்டிக் கல்லைக் காயவைத்துக்கொண்டிருந்தான்.

செமிசி பார்த்துவிட்டான். அவனுக்குக் கோபம் ஏறிவிட்டது.

"என்னய்யா கோலம் இது? ராஜா பொறந்தநாள்ல எழவுப் பாய் கட்டினாப்ல நிக்கிற. ராஜாவுக்கே எழவு கொண்டாடுறியா? அவுத்துப் போடு அத."

கோணியைப் பிடித்து இழுத்தான். கிதியோனி இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"ராஜாவுக்கில்ல, செமிசி. எங்க அக்காவுக்கு."

செமிசியின் கை தானாக விழுந்தது. "எப்ப?"

"புதன்கிழம. இப்ப தூக்கப் போறாங்க."

"அட பாவி மனுஷா, எங்ககிட்ட சொல்லக் கூடாதா?" என்றான் செமிசி.

அந்த நேரத்தில் கிதியோனியின் சட்டைப் பையில் போன் அடித்தது. அவன் கையெல்லாம் மண். செமிசியே எடுத்து நீட்டினான். வீடியோவில் லூபே, அழுது வீங்கிய முகம்.

"மாமா, பெட்டிய மூடப் போறாங்க. அம்மாவக் காட்டுறேன், பாருங்க."

கிதியோனி முகத்தைத் திருப்பிக்கொண்டான். "வேணாம்மா. நான் பாக்கக் கூடாது. நான் அடுப்புலதான் இருக்கேன்னு அக்காகிட்ட சொல்லு, போதும்."

"முறையெல்லாம் எனக்கும் தெரியும். நான் சொன்னா நீங்க கேக்கணும், அதுவும் முறைதான். பாருங்க மாமா."

உள்ளே கூடத்தில் ராஜா நீடூழி வாழ வேண்டும் என்று பாட ஆரம்பித்திருந்தார்கள். எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் பாட்டு முன்னும் பின்னுமாக இழுத்தது. கிதியோனி மெல்லத் திரும்பி, சிறுவயதுக்குப் பிறகு முதல் தடவையாக, அக்காவின் முகத்தை நேராகப் பார்த்தான்.

தலை முழுக்க வெள்ளை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வாயோரத்தில் பழைய தழும்பு ஒன்று. அது எப்போது பட்டதென்று அவனுக்குத் தெரியாது.

"லூபே, இது யாரும்மா?" என்றான்.

"அம்மாதான் மாமா," என்றாள் அவள்.