கொலுப்படியில் ஒரு வாக்குச்சாவடி

இந்த வருடம் எங்கள் வீட்டுக் கொலுவில் நாட்டின் எல்லாக் கட்சிகளும் இருந்தன. நானே மிக்ஸியில் போட்டு அரைத்தேன்.

முதலில் வேலை போன கதையைச் சொல்லிவிடுகிறேன். தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, கணினித் திரையில் ஒரு சின்னக் கூட்டத்துக்கு அழைத்து, என் பதவி இனி இல்லை என்றார்கள். சொன்னவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார். நான் அவருக்கு நன்றி வேறு சொன்னேன். அந்த நன்றியை நினைத்தால் இன்றும் என் மேலேயே கோபம் வருகிறது.

கணவரின் சம்பளம், நாங்கள் குடியேறிய ஊரான டார்னெய்டில் வாங்கிய வீட்டின் கடனோடு சரி. மளிகை, கார், மகளின் படிப்பு எல்லாம் என் பொறுப்பு. கிறிஸ்துமஸுக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் வீட்டை விற்றுவிடுவது என்று பேசி வைத்திருந்தோம். வெளியே மூச்சு விடக் கூடாது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். வேலை போனவர்களைப் பற்றிப் பேசும்போது எங்கள் வட்டத்தில் குரல் எப்படித் தாழும் என்பது எனக்குத் தெரியும்.

அந்த நாட்களில் தபால் பெட்டி நிறையத் தேர்தல் நோட்டீஸ்கள் வந்தன. பளபளவென்று, சிரித்த முகங்களோடு. குப்பைக்குப் போக வேண்டியவற்றை, கொலுவுக்குக் காகிதக் கூழ் பொம்மை செய்யலாமென்று ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்தேன். வீடு முழுக்க வெந்தய வாசனை. அந்தக் கூழைப் பிசையும்போது மட்டும் வேலை நினைவு வரவில்லை. அதனால் பிசைந்துகொண்டே இருந்தேன். அப்படித்தான் ஒரு வாக்குச்சாவடி உருவானது: பள்ளிக்கூட வேலி, வேலியில் கட்டிய நாய், நோட்டீஸ் கொடுக்கும் தொண்டர்கள், நீண்ட வரிசை.

இதற்கிடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்களைப் போல் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்கள் இங்கே அதிகமாகிவிட்டார்கள் என்று சிலர் நகரத்தில் ஊர்வலம் போனார்கள். அன்று மகள் ரயிலில் வீடு வந்து சேரும்வரை நான் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன். அவள் வந்ததும் உட்கார்ந்து, வரிசையின் முன்னால் புடவை கட்டிய பொம்மை ஒன்றைச் செய்து நிறுத்தினேன்.

"இது நீயா?" என்றாள்.

"ஆமா. முதல் ஆளா ஓட்டுப் போடப் போறேன்."

"அப்போ சாசேஜ் ஸ்டால் எங்க? சாசேஜ் இல்லாம போலிங் பூத்தா? நோ வே, அம்மா."

இந்த ஊரில் வாக்குச்சாவடி வாசலில் சாசேஜ் சுட்டு விற்பது வழக்கம். மகள் கேட்டுவிட்டாளே என்று அடுப்பு, வெங்காயம், மடித்த ரொட்டித் துண்டுக்குள் சாசேஜ் எல்லாம் செய்து வைத்தேன். மேல்படியில் லட்சுமி இருக்க, கீழே இறைச்சி வைத்திருப்பது நினைவுக்கு வந்தபோது நவராத்திரி தொடங்கிவிட்டது. கொலுவில் வைத்ததை நடுவில் எடுக்கக் கூடாது. கணவர் ஒரு பல்குச்சியில் காகிதம் ஒட்டி, 'சைவம்' என்று எழுதி அடுப்பருகே நட்டார்.

முதலில் வந்தவர்கள் கோயிலில் பழக்கமான மாமியும், பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அன்ரியும். மாமி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"என்னடி இது, கொலுவுல சாசேஜ்?"

"சைவம் மாமி. போர்டு இருக்கு பாருங்கோ."

"போர்டு வெச்சா ஆச்சா? சரி, இவன் எந்தக் கட்சி?" தொண்டர் பொம்மைகள் எல்லாவற்றின் சட்டைக்கும், வம்பு வேண்டாமென்று, வெள்ளை அடித்திருந்தேன்.

"எந்தக் கட்சியும் இல்ல மாமி."

"கட்சி இல்லாதவனா குளிர்ல நிப்பான்?"

"இவர் வீட்டு வாடகையைக் குறைப்பம் எண்டு சொன்ன ஆள் மாதிரிக் கிடக்கு," என்றார் அன்ரி. "மூஞ்சையைப் பாருங்கோவன்."

"அவா குறைச்சாளா?"

"எங்க குறைச்சவை?"

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே சுண்டல் கிண்ணங்களை நீட்டினேன். அப்போதுதான் மாமி கேட்டார்: "இத்தனை பொம்மை பண்ண உனக்கு ஏதுடி நேரம்? ஆபீஸ்ல லீவு குடுத்தாளா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாதக்கணக்கில் அப்படித்தான் சமாளித்தேன். ஆனால் அந்தக் காகித வரிசைக்கு முன்னால் நின்றுகொண்டு பொய் வரவில்லை.

"வேலை போயிடுச்சு மாமி. ஏப்ரல்லயே."

மாமியின் கரண்டி அப்படியே நின்றது. அன்ரி மட்டும் நிதானமாகச் சுண்டலை மென்று முடித்தார்.

"ஓம் பிள்ளை, எனக்குத் தெரியும். உம்மட கார் பகல் முழுக்க வாசல்லதானே நிக்குது. கேட்டா நீர் அழுதிடுவீர் எண்டுதான் கேக்கேல்லை."

நான் அழவில்லை. பயங்கரமாகச் சிரிப்பு வந்தது. தெருவுக்கே தெரிந்த ரகசியத்தை அல்லவா நான் காவல் காத்திருக்கிறேன்!

மாமிக்குக் கோபம். "என்கிட்ட சொல்ல மாட்டியா? என் மாப்பிள்ளை ஆபீஸ்ல ஆள் தேடிண்டிருக்கா. சி.வி.யை அனுப்பு. இப்பவே. நான் பாக்கணும்."

மகள் மடிக்கணினியைக் கொண்டுவந்தாள். நான் கையைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் மாமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அன்ரியோடு சேர்ந்து என் சி.வி.யைப் படித்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு செஞ்சவளையா அனுப்பினா?" என்று மாமி சொன்னது சமையலறைவரை கேட்டது.

வேலை இன்னும் கிடைக்கவில்லை. வீட்டைப் பற்றிய பயமும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இப்போது கோயிலில் பிரசாத வரிசையின் அந்தக் கோடியிலிருந்து மாமி, "என்னடி, கெடைச்சுதா?" என்று கத்துகிறார். அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

"இன்னும் இல்ல மாமி! ரெண்டாவது இன்டர்வியூ புதன்கிழமை!" என்று நானும் அதே சத்தத்தில் சொல்கிறேன்.