ஊரில்லாத பெண்ணின் வழக்கு

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் ஈப்போவில் ஒரு வழக்கறிஞரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். ஐரோப்பாவில் சட்டம் படித்தவர், ஜெர்மன் மொழியும் தெரிந்தவர். ஊர் திரும்பிய ஜெர்மன்காரர் ஒருவர் விட்டுப்போன பழைய வழக்குப் புத்தகங்கள் அவரிடம் அலமாரி நிறைய இருந்தன. வெளிநாட்டு நூலகம் ஒன்று அவற்றைப் படச்சுருளில் கேட்டிருந்தது. பக்கம் பக்கமாகப் படமெடுப்பது என் வேலை.

ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. தாள் பறக்கும் என்று காற்றாடி கிடையாது. விளக்குச் சூட்டில் ரவிக்கை முதுகோடு ஒட்ட, ஓர் எழுத்தும் புரியாத பக்கங்களைப் புரட்டுவேன். வேறு நல்ல வேலைக்கு வழியில்லை. சிலிம் ரிவர் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில்தான் பிறந்தேன், என் பிறப்பை அப்பா பதியவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாததால் குடியுரிமை இல்லை, சிவப்பு அடையாள அட்டைதான்.

ஒரு பக்கத்தில், கைமூட்டையோடு நீதிபதி முன் நிற்கும் பெண்ணின் படம்.

"சார், இந்தப் பொம்பள என்னா தப்பு பண்ணுச்சு?"

வழக்கறிஞர் நின்றபடியே படித்தார். "திருடுனான்னு கேஸு. திருடலன்னு தெரிஞ்சிருச்சு. ஆனாலும் விடல."

"ஏன் சார்?"

"எந்த ஊரும் இவ எங்க ஆளுன்னு ஒத்துக்கல. அனுப்ப எடமில்லன்னு உள்ளயே வச்சிட்டாங்க."

பிறப்புப் பத்திரம் இல்லை என்று யாரிடமும் சொல்லக் கூசியதை அன்று சொல்லிவிட்டேன். "எனக்கும் பொறந்த சூராட் இல்ல சார்."

அவர் புத்தகத்தை மூடினார். "ஒங்கம்மாவுக்குப் பிரசவம் பாத்தது யாரு?"

அந்தச் சனிக்கிழமையே என்னைக் காரில் அழைத்துப் போனார். தோட்டத்து மருத்துவச்சி சிலிம் ரிவரில் ஒரு பலகை வீட்டில் இருந்தார். என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"இது என் கையில வுழுந்த புள்ள லா! அன்னிக்கு மழையில லயத்து வீடெல்லாம் ஒழுகுச்சு."

சத்தியப் பத்திரத்தில் கைநாட்டு வைத்தார். திரும்பும் வழியெல்லாம் கார் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்று வாங்கினேன்.

பல மாதம் கழித்துப் பதிவு இலாகாவிலிருந்து பதில் வந்தது. சாட்சி போதாதாம். வழக்கறிஞர் மறுபடி மனுப் போட்டார். மறுபடியும் அதே பதில். இதற்குள் படச்சுருள்கள் கப்பலேறிவிட்டன. நான் அந்த இருட்டறையிலேயே தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

பிறகு ஈப்போவிலேயே புந்தோங்கில் எனக்குக் கல்யாணமானது. கணவருக்குக் குடிமக்களுக்கான நீல அட்டை. மகள் பிறந்த அன்று அவர் ஆஸ்பத்திரிக்குச் சோற்றுப் பாத்திரத்தோடு ஓடிவந்தார்.

"சாப்பாடு அப்புறம்," என்றேன். "மொதல்ல போயி புள்ளய பதிஞ்சிட்டு வாங்க."

பாத்திரத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு உடனே கிளம்பினார். என் அட்டை மட்டும் நிறம் மாறவேயில்லை.