வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு: சமனில் முடிந்த ஓர் ஆட்டம்

1997இல் ஒரு ஞாயிறு, கொழும்பின் தென்பக்கம் வெள்ளவத்தையிலிருந்து வடபக்கம் கொட்டாஞ்சேனைக்குச் சதுரங்கப் போட்டிக்குப் போனேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெளிநாடு போக விசாவுக்காக லொட்ஜ் அறையில் இரண்டு மாதமாகக் காத்திருந்த காலம். ஆடும் ஆசையைவிட, எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார் என்ற ஆசைதான் பெரிது. அன்று வென்றால் அடுத்த ஞாயிறு இறுதிச் சுற்று. இல்லாவிட்டால் மறுபடி அறைதான்.

தூரம் பத்துக் கிலோமீற்றர் இருக்கும். எட்டு மணிக்குக் காலி வீதியில் பஸ் ஏறி, புறக்கோட்டையில் மாறி, பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். நடுவில் இரண்டு சோதனைச் சாவடிகள். எங்கே போகிறாய் என்று இராணுவக்காரர் சிங்களத்தில் கேட்டார். “செஸ்” என்று சொல்லி, அடையாள அட்டையையும் கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவுத் துண்டையும் நீட்டினேன். சிரிக்காதீர்கள், அந்தக் கிழமை முழுவதும் நான் ஒருவரோடு கதைத்ததில் அதுதான் நீளம்.

எதிராளி துறைமுகத்தில் கிளார்க், ஐம்பது வயதுக் கத்தோலிக்கர். அவருக்கு வெள்ளை. ராஜாவின் முன் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். நான் பிரெஞ்சுத் தடுப்பு ஆடினேன். எனக்குத் தெரிந்த ஒரே தொடக்கம் அது. மூன்றாவது நகர்த்தலிலேயே நடுவில் சிப்பாய்களை வெட்டி மாற்றிக்கொண்டார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆகிவிடும், சமனுக்கு ஆடுகிறவர்களின் வழி. மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

மூன்று மணிக்கு என்னிடம் ஒரு சிப்பாய் கூடுதல். வெல்லும் வழியும் தெரிந்தது. ஆனால் வென்றவுடன் அவர் எழும்பிப் போய்விடுவாரே! இன்னும் கால் மணி நேரம் இருக்கட்டும் என்று கோட்டைக் காயை ஒரு கட்டம் முன்னும் பின்னும் நகர்த்தினேன். அவரும் ராஜாவை அப்படியே நகர்த்தினார். பிறகு மணிக்கூட்டை நிறுத்தி நடுவரைக் கூப்பிட்டார்.

“மூணு தடவ ஒரே நிலை சேர். டிரோ.”

நடுவர் நாங்கள் நகர்த்தல்களை எழுதிய தாள்களைப் பார்த்துத் தலையாட்டினார். ஆளுக்கு அரைப் புள்ளி. என் இறுதிச் சுற்று போயிற்று.

“வின் பண்ணியிருக்கலாமே தம்பி, ஏன் இழுத்தீங்க?” என்றார் எதிராளி, காய்களை அடுக்கிக்கொண்டே.

“அறைக்குப் போக மனம் வரேல்லை ஐயா. கொஞ்ச நேரம் உங்களோட இருப்பம் எண்டுதான்.”

அவர் காய்களை அடுக்குவதை நிறுத்தினார். “அத வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே. கெதியா முடிச்சிட்டு வீட்டுல வந்து டீ குடிச்சிருக்கலாம். இப்ப பூசைக்கு டைம் ஆயிட்டு.”

கைகொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வெள்ளி எனக்கு விசா வந்தது.

கொட்டாஞ்சேனைக்குப் போகிறவர்களுக்கு: இப்போது சாவடிகள் இல்லை, ஒரு மணி நேரம் போதும். ஞாயிறென்றால் காலையிலேயே போய்விடுங்கள். பழக்கமில்லாத ஊரில் யாரோடாவது கொஞ்ச நேரம் இருக்க வேண்டும்போல் இருந்தால், கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். நான் அந்த மனிதரின் பெயரைக்கூடக் கேட்கவில்லை.