பதினேழு அங்குலத் திரை

படிவத்தில் இரண்டே கட்டங்கள். இப்போது இருக்கும் பன்னிரண்டு அங்குல லேப்டாப் போதும் என்பது முதல் கட்டம். பதினேழு அங்குலத் திரை உள்ள புதியது வேண்டும் என்பது இரண்டாவது. இரண்டாவதில் டிக் போட்டால் கீழே ஒரு வரியில் காரணம் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கச் சொன்னார்கள். திங்கட்கிழமையிலிருந்து அந்தத் தாள் என் பையில் மடித்தபடி கிடந்தது.

இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கு முப்பத்துநான்கு வயது. வெளிநாட்டு அறிவியல் பத்திரிகைகளுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை. கணக்குச் சூத்திரங்கள் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் என் பொறுப்பு. எழுத்தின் காலடியில் ஒட்டியிருக்கும் குட்டி எண், தலைக்கு மேலே ஒரு புள்ளி, ஒரு மைனஸ் குறி, இவற்றில் ஒன்று தவறினாலும் கட்டுரை எழுதிய பேராசிரியர் காரமாகக் கடிதம் எழுதுவார். கடிதம் மூன்று வந்தால் நம்மைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். எனக்கு இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருந்தவரைக் கூப்பிட்டுப் பேசியது ஒரு புதன்கிழமை. வியாழக்கிழமை அவர் நாற்காலி காலியாக இருந்தது.

ஆறேழு மாதமாகவே எனக்குப் பக்கத்தின் மேல்பகுதியில் பிழைகள் தப்பிப் போய்க்கொண்டிருந்தன. கண் களைப்பு, சின்னத் திரை, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டேன். பெரிய திரை வந்தால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் காரணம் என்று என்ன எழுதுவது? 'கண் சரியாகத் தெரியவில்லை' என்று கண்ணை நம்பிச் சம்பளம் கொடுப்பவர்களிடம் எழுதிக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவருக்குப் புரியவில்லை. பிரேசர் டவுனில் ஒரு பேக்கரியில் அடுப்பு வேலை அவருக்கு. விடிவதற்கு முன் ஜீவனஹள்ளியிலிருந்து சைக்கிளில் கிளம்பி, மதியம் மாவு வாசனையோடு திரும்புவார்.

"குடுக்குறாங்கன்னா வாங்கிக்கோயேன். இதுக்குப் போய் மூணு நாளா யோசிக்கிறியா?"

"பெருசுங்க. வெயிட்டா இருக்கும். ரெண்டு பஸ் மாறித் தூக்கினு வரணும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவ்வளவுதான் இல்லை. நைனாவைப் பற்றி அவருக்குத் தெரியும். ஆனால் நைனாவையும் என்னையும் சேர்த்து அவர் யோசித்ததில்லை. நான் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். மாநகராட்சிப் பூங்காவில் தோட்ட வேலை பார்த்தார். ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்துக்குள் அவர் நுழையும்போது நெற்றியில் ஒரு கீறலோ வீக்கமோ இல்லாத நாள் குறைவு. மரக்கிளை இடித்தது என்பார். நிலைப்படியில் இடித்துக்கொள்வார். எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணி முகத்தில் அடித்த பிறகுதான் ஒதுங்குவார். குடித்துவிட்டு வருகிறார் என்று அம்மா சண்டை போட்டாள். அவர் குடித்ததே இல்லை. வேலை நிரந்தரமாகும் சமயம், கண்ணைப் பற்றிச் சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து நான்கு வருடம் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது ஒரு கண் முழுக்கப் போயிருந்தது. மற்ற கண்ணும் அதிக நாள் நிற்கவில்லை. குளுக்கோமா என்றார் டாக்டர். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, வலியே இல்லாமல் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டு வரும் என்றார். அப்புறம் என்னையும் தம்பியையும் பார்த்து, "உங்களுக்கும் வரலாம். முப்பது தாண்டினா வருஷா வருஷம் செக் பண்ணிக்கணும்" என்றார்.

முப்பது தாண்டி நான்கு வருடம் ஆகியும் நான் போகவில்லை. போனால் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான்.

வியாழக்கிழமை எங்கள் மேனேஜர் மேடம் ஒரு பெரிய லேப்டாப்பைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். என்னைவிட மூன்று வயது பெரியவள், மைசூர்ப் பக்கத்துக்காரி. என்னிடம் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிப் பேசுவாள்.

"நீ மட்டும்தான் ஃபார்ம் தரல. இன்னிக்கு ஒரு நாள் இதுல வேலை செஞ்சு பார். அப்புறம் முடிவு பண்ணு" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போனாள்.

திறந்ததும் மனசு குளிர்ந்தது, பொய் சொல்லக் கூடாது. பழைய திரையில் ஒரு பக்கத்தைப் பார்க்க மூன்று தடவை உருட்ட வேண்டும். இதில் பேராசிரியர் திருத்திய பக்கமும் நாங்கள் அமைத்த பக்கமும் முழுசாக, அக்கம்பக்கமாக நின்றன. குட்டி எண்கள் எல்லாம் கொத்தமல்லி விதை அளவுக்குத் தெரிந்தன. இதையா வேண்டாம் என்று யோசித்தேன் என்று நினைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் வேலை பார்த்தேன்.

அப்போது பக்கத்து சீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, மெசேஜ் வந்து எவ்ளோ நேரமா நிக்குது. பாக்கலயா?"

"எங்க?"

"இதோ, மேல!"

அவள் விரல் நீட்டிய இடத்தைப் பார்த்தேன். திரையின் மேல் மூலையில் அடர் மஞ்சள் நிறத்தில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி. வேறு துறையிலிருந்து ஏதோ கேட்டிருந்தார்கள். நான் பதில் அனுப்பவில்லை. அந்தப் பெட்டியையே பார்த்தேன். பிறகு கண்ணைத் திரையின் நடுவுக்கு இறக்கினேன்.

மஞ்சள் இல்லை.

மேலே பார்த்தேன். இருந்தது. நடுவில் பார்த்தேன். இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் செய்தேன். வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு ஒரு தடவை, இடது கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை. அந்த இடத்தில் கறுப்பாகவோ மங்கலாகவோ ஏதாவது தெரிந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அங்கே சுத்தமான வெள்ளைத் திரை இருந்தது. ஒன்றும் குறையாத மாதிரி, எப்போதும் அப்படியே இருந்த மாதிரி வெள்ளை. சின்னத் திரையில் எல்லாமே நடுவுக்குப் பக்கத்தில் கிடந்ததால் பெரும்பாலும் சமாளித்திருக்கிறேன். பெரிய திரை விரிந்ததும் என் பார்வை எங்கே முடிகிறது என்று காட்டிவிட்டது.

பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். போன மாதம் பஸ்ஸில் ஏறும்போது கம்பியில் நெற்றி இடித்தது ஞாபகம் வந்தது. மாடியில் துணி காயப்போட்ட கயிறு இரண்டு தடவை முகத்தில் அறைந்தது ஞாபகம் வந்தது. நைனாவின் நெற்றி ஞாபகம் வந்தது.

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன் என்று எழுத ஆசைதான். நான் செய்தது வேறு. மறுநாள் முதல் கட்டத்தில் டிக் போட்டு மேடத்திடம் கொடுத்தேன்.

"யாக்கே? எல்லாரும் பெரிசு கேக்கறாங்க. நீ ஏன் வேண்டாங்கற?"

"பஸ்ல தூக்கிட்டு வர முடியாது மேடம்."

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டுத் தாளை வாங்கி வைத்துக்கொண்டாள். சின்னதைக் கேட்டால் காரணம் எழுத வேண்டியதில்லை. அந்த நிம்மதியோடு சீட்டில் வந்து உட்கார்ந்தபோது, நைனாவும் இப்படித்தான் நான்கு வருடம் நிம்மதியாக இருந்திருப்பார் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு மூன்று வாரம். காலையில் எழுந்ததும் படுத்தபடியே சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பேன். ஆறைப் பார்த்தால் பன்னிரண்டு தெரிகிறதா? தெரியும். உடனே, உண்மையில் தெரிகிறதா, அங்கே இருப்பது எனக்குத் தெரியும் என்பதால் தெரிகிறதா என்று சந்தேகம் வரும். ஆபீசில் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று தடவை பார்த்தேன். சாப்பாட்டு நேரத்திலும் பார்த்தேன். என் ஏழு வயது மகள் தலைவாரச் சொல்லி முன்னால் நிற்கும்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். "இன்னாம்மா அப்படிப் பாக்குற?" என்று கேட்டால் சட்டென்று சீப்பை எடுப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் பரணைக் காலி பண்ணினார். ஸ்டூல் மேல் நின்றுகொண்டு, "இந்தா பிடி" என்று ஒரு தகரப் பெட்டியை இறக்கினார். நான் கீழே கையை ஏந்திக்கொண்டு நேராக நின்றேன். பெட்டி மேலிருந்து வந்துகொண்டிருந்ததே எனக்குத் தெரியவில்லை. அதன் மூலை நெற்றியில் இடித்தது.

அவர் குதித்து இறங்கினார். "கண்ணுக்கு முன்னாடிதானே கொண்டாந்தேன்! பாக்கலயா நீ?"

அவர் என்னைக் கட்டிலில் உட்காரவைத்து ஈரத்துணியை நெற்றியில் அழுத்தினார். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் குரலை இறக்கிக் கேட்டார்.

"எத்தினி நாளா?"

"தெரியல. ஆறு மாசம். மேலயும் இருக்கும்."

"மாமாவுக்கு இருந்துதே, அதுவா?"

தலையாட்டினேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் அழுதிருப்பேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்புச் சூடு பட்டுப் பட்டுக் காய்த்துப்போன கைகள். "நாளைக்கு லீவு சொல்லிடறேன்" என்றார்.

அந்தப் பரிசோதனை ஓர் இருட்டறையில் நடக்கும். கிண்ணம் மாதிரி குழிந்த வெள்ளைக் கருவிக்குள் முகத்தை வைத்து, நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது சின்ன வெளிச்சம் மின்னும். தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். ஒவ்வொரு வெளிச்சம் மின்னும்போதும் கருவி டக்கென்று ஒரு சத்தம் போடும். சில சமயம் சத்தம் கேட்கும், வெளிச்சம் வராது. வந்திருக்கும், எனக்குத்தான் தெரியவில்லை. அப்படிச் சத்தம் மட்டும் ஐந்தாறு தடவை தொடர்ந்து கேட்டதும் தெரியாத வெளிச்சத்துக்கும் அழுத்த ஆரம்பித்தேன்.

"மேடம், தெரிஞ்சா மட்டும் அழுத்துங்க" என்றாள் கருவியின் அந்தப் பக்கம் இருந்த பெண். "நீங்க ஏமாத்தினா மெஷினுக்குத் தெரிஞ்சிடும்."

முதலிலிருந்து மறுபடி செய்தாள்.

டாக்டரம்மா தாளைக் காட்டினார். வட்டத்தின் மேல்பாதியில் வில்லாக ஒரு கறுப்பு. வலது கண்ணில் அதிகம், இடது கண்ணில் ஆரம்பம்.

"போனது திரும்ப வராதும்மா. ஆனா மிச்சத்தைக் காப்பாத்தலாம். சொட்டு மருந்து தரேன். ஒரு நாள்கூட விடக் கூடாது. வாழ்நாள் பூரா."

"வேலை செய்யலாமா?"

"நடுப் பார்வை நல்லா இருக்கு. தாராளமா செய்யலாம்."

"அப்பாவுக்குப் போன மாதிரி..."

"அப்பா லேட்டா வந்தார். நீங்களும் கொஞ்சம் லேட்டுதான். ரொம்ப லேட் இல்லை."

மறுநாள் மேடத்தின் அறைக்குப் போய் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் பெட்டியை, பஸ் பொய்யை, நைனாவை. அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நீ வேற கம்பெனிக்குப் போறதுக்காக லேப்டாப் வேண்டாம்னு சொல்றியோன்னு நெனச்சேன்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சின்னதையே வெச்சுக்கோ. மெசேஜ் எல்லாம் திரைக்கு நடுவுல வர மாதிரி மாத்தித் தரச் சொல்றேன். தப்பு அதிகமானா நானே உன்கிட்ட சொல்வேன். அப்போ மறைக்காதே, பேசலாம்" என்றாள். வேலை போகாது என்று அவள் சத்தியம் செய்யவில்லை. செய்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

நைனாவிடம் சொல்லத்தான் அதிக நாள் ஆனது. ஸ்ரீராம்புரத்தில் தம்பி வீட்டு முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் சொல்லி முடித்ததும், "கிட்ட வா" என்றார். முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தேன். தடவிப் பார்த்து என் நெற்றியைக் கண்டுபிடித்தார். கையை என் தலைக்கு மேலே உயரத் தூக்கினார்.

"நேரா என் மூஞ்சியப் பாரு. கைய இறக்கினே வரேன். எங்க தெரியுதோ அங்க சொல்லு."

அவர் முகத்தைப் பார்த்தேன். கை இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியவில்லை. சீக்கிரமே 'தெரியுது' என்று சொல்லிவிடலாம், அவரால் கண்டுபிடிக்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். விரல் நுனி புருவத்துக்கு நான்கு விரற்கடை மேலே வந்தபோது தெரிந்தது.

"இப்போ, நைனா."

"இங்கயா?"

"அங்கதான்."

கையை அங்கேயே நிறுத்தி வைத்திருந்தார். "நான் வாயத் தொறந்திருந்தா நீ முன்னாடியே போயிருப்ப" என்றார்.

அந்தக் கம்பெனியில் அதற்குப் பிறகு பல வருடம் இருந்தேன். சொட்டு மருந்தை ஒரு நாளும் விடவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை இருட்டறைக்குப் போகிறேன். கறுப்பு வில் கொஞ்சம்தான் கீழே இறங்கியிருக்கிறது. பொத்தானைப் பிடிக்கும் கை இப்போதும் வியர்க்கிறது.

தம்பிதான் பரிசோதனைக்கு வர மறுத்தான். ஆட்டோ ஓட்டுகிறவன். "இருக்குன்னு சொல்லிட்டா வண்டிய விக்கச் சொல்றியா?" என்று இரண்டு தடவை என்னிடம் கத்தினான். மூன்றாம் தடவை நான் அவன் ஆட்டோவிலேயே ஏறி உட்கார்ந்து ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னேன். இறங்க மறுத்தேன். கடைசியில் வண்டியைக் கிளப்பினான். அவன் உள்ளே இருந்த முக்கால் மணி நேரம், மூடிய கதவுக்கு வெளியே நின்று டக் டக் என்ற சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணும் இல்லையாம்" என்று தாளை நீட்டிக்கொண்டு வந்தான். சிரிக்கவில்லை. திரும்பும் வழியில் ஒரு சிக்னலில் வண்டி நின்றது. முன்னால் உட்கார்ந்திருந்தவன் மெதுவாகக் கையைத் தூக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு சிவப்பு விளக்கைப் பார்த்தான். பிறகு மற்ற கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். விளக்கு பச்சையாகி, பின்னால் ஹாரன் அடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.