ஒரு இலையில் இனிப்பை மட்டும் மாற்றுவது எப்படி

நிரல் எழுதும் தொழிலில் எழுதுவது சுலபம், எழுதியதற்குள் கையை விட்டு ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றுவதுதான் உயிரை எடுக்கும். இதற்குத் தலையாட்டும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இது.

செக்காலையில் எங்கள் ஆபீஸ். நானும் கல்லலிலிருந்து ரயிலில் வரும் பிலோமினாவும்தான் மொத்தப் படை. சமையல் காண்ட்ராக்டர் சேவுகன் அண்ணன் ஒருவர்தான் வாடிக்கையாளர். கல்யாணம், அதற்குள் வேளை, வேளைக்குள் பந்தி, பந்திக்குள் இலை, இலைக்குள் இனிப்பு என்று அவர் விருந்தெல்லாம் எங்கள் நிரலுக்குள். "எம் மக கல்யாணம் வரைக்கும் பாப்பேன். அன்னைக்கு இலையில ஒண்ணு தப்புனாலும் பழையபடி பேப்பருக்குப் போயிருவேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவர் போனால் ஆபீசுக்குப் பூட்டுத்தான்.

உப்புக்கு ஒரு அடுப்படி

எங்கள் முறையில் ஒருதடவை எழுதிய தகவலை அழித்துத் திருத்தக் கூடாது. மாற்றத்தோடு புதுப் பிரதி ஒன்று பிறக்கும், பழையது பழையபடியே இருக்கும். அடுக்கின் அடியில் கிடப்பதை எட்டிப் பார்க்க நிரலில் ஒரு குறி, அந்த இடத்தில் புதுசை வைக்க ஒரு குறி. பெருமையாக விளக்கினேன். மாறாத பகுதிகளை இரண்டு பிரதியும் பொதுவில் வைத்துக்கொள்ளும் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணன் கேட்டார்: "அப்ப கொழம்புல உப்புப் பத்தலைன்னா புதுசா ஒரு அடுப்படி கட்டுவீகளா தங்கச்சி?"

திரையை எட்டிப் பார்த்தால்

உள்ளே இருப்பதை வைத்தே கூட்டிக் குறைக்கும் குறியில் சதவீத அடையாளமும் (%) வரும். பந்திக்குப் பத்து இலை கூட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் திரையை முறைத்தார்: "எனக்குத் தெரியாம எவனுக்குத் தள்ளுபடி போடுறீக?"

ஊருக்கே கவுனி அரிசி

ஒரு வீட்டில் மாலைப் பந்திக்கு மட்டும் கேசரியை எடுத்துவிட்டுக் கறுப்பரிசியில் செய்யும் கவுனி அரிசி இனிப்பு கேட்டார்கள். பிலோமினா 'இந்த இனிப்பு' என்று காட்டுவதற்குப் பதில் 'உள்ளே கிடக்கும் எல்லா இனிப்பும்' என்று காட்டிவிட்டாள். குறிக்கென்ன, சொன்னதைச் செய்தது. அந்த வாரம் எல்லா விருந்திலும் கவுனி அரிசி. ஒரு பிரியாணி விருந்தில் தால்ச்சாவுக்குப் பக்கத்தில் கன்னங்கரேலென்று உட்கார்ந்திருந்ததாம்.

அந்த வீட்டு பாய் போன் செய்தபோது பிலோமினா ஜெபமாலையைத் தேடினாள். பாய் சொன்னது இதுதான்: "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ரெண்டாந்தடவை கேட்டு வாங்குனாக. அடுத்த நிக்காஹ்வுக்கும் இப்படியே தப்பாப் போடுங்க."

பிறந்ததும் காணாமல் போனது

அடுத்த முறை சொதப்பியது நான். கத்திரிக்காய் கோசமல்லி வேண்டாம், தக்காளிச் சட்னி போதும் என்று அண்ணன் சொன்னார். குறியெல்லாம் போட்டு அழகாக ஒரு வரி எழுதினேன். புதுப் பிரதி பிறந்தது. அதைப் பிடித்து ஓரிடத்தில் வைக்க வேண்டும், மறந்தே போனேன். காலையில் இலைக்குக் கோசமல்லியே வந்தது.

"மாத்துனேண்ணே, சத்தியமா மாத்துனேன்" என்றேன், அழாக்குறையாக. அண்ணன் கத்தாமல் கேட்டார்: "மாத்துனீக, சரி. மாத்துனத எங்க வச்சீக? எம் மக கல்யாணம் ஞாபகம் இருக்குல்ல?"

மகள் கல்யாணம்

முந்தின நாள் அண்ணி, அதாவது சேவுகன் அண்ணன் மனைவி, போனைக் கையில் எடுத்தார். பால் பணியாரத்தை எடு, கந்தரப்பம் போடு. இல்லை, சீயம் போடு. சம்பந்தியம்மா ஒன்று சொன்னாராம், பெரியப்பா வேறு சொன்னாராம். இந்தத் தடவை ஒவ்வொரு பிரதியையும் கெட்டியாகப் பிடித்து வைத்தேன். சாயங்காலம் எது கடைசி என்று அங்கே ஒரே ரகளை. கல்யாணப் பெண் அழுதுகொண்டே போனைப் பிடுங்கி, "நானும் அவுகளும் பேசி மொதல்ல ஒரு பட்டியல் குடுத்தோம்லக்கா, அதையே போடுங்க" என்றாள். "அது இன்னும் எங்க இருக்கப் போகுது?" என்று பின்னால் அண்ணன் குரல்.

இருந்தது. ஒரு கடுகு அசையாமல் அப்படியே இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. மறுநாள் எந்த இலையிலும் எதுவும் தப்பவில்லை. கை கழுவ எழுந்தபோது அண்ணன் எதிரில் வந்து நின்றார்: "மாத்துறதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டேன். மாத்தாம வச்சிருந்ததுக்குக் கும்புடுறேன் தங்கச்சி."

ஆக, மாற்றிக் கொடுக்கிற தொழிலில் எங்கள் ஆபீஸ் இன்னும் பூட்டாமல் கிடப்பது, அண்ணி மாற்றச் சொன்ன ஒன்றுகூடக் கடைசியில் இலைக்கு வராததால்தான்.