ராபியாவிடமிருந்து பதில் வராத பத்தொன்பது நாட்கள்

அன்பான உறவுகளே, போன தை மாதம் எனக்குச் செபம் வரவில்லை. செபமாலையைக் கையில் எடுப்பேன், சொல்லாமலே கீழே வைத்துவிடுவேன். ஒரு பிள்ளையை நானே ஆபத்துக்குள் தள்ளிவிட்டேன் என்ற எண்ணம் என்னைத் தின்றுகொண்டிருந்தது. அப்போது ஆண்டவர் எனக்குச் செய்ததை மறைத்து வைத்திருக்க மனமில்லாமல்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

நான் அஜக்ஸ் நகரில் இருக்கிறேன். ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக வேலை. இரண்டு வருடங்களாக, வேலைக்குப் போகுமுன் காலை ஆறு மணிக்கு ஆப்கானிஸ்தான் பெண்பிள்ளைகளுக்கு ஓர் இணையக் கல்லூரி வழியாக மருந்தியல் படிப்பிக்கிறேன். அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவைப் பூட்டிவிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் வகுப்பில் பன்னிரண்டு பேர். அவர்களில் ஒருத்தியை ராபியா என்று சொல்கிறேன். அது அவளுடைய உண்மையான பெயரல்ல. ஊரையும் சொல்ல மாட்டேன்.

பல்கலைக்கழகம் மூடப்பட்டபோது அவள் இரண்டாம் வருட மாணவி. என் வகுப்பில் அவளைப்போலக் கேள்வி கேட்பவர் வேறில்லை. தை மாதத்தில் ஒருநாள் எழுதினாள்: "டீச்சர், எங்கள் தெருவில் வீடு வீடாகச் சோதிக்கிறார்கள். இந்தக் கிழமை நான் வராமல் விடட்டுமா?"

பரீட்சைக்கு ஒரு பாடம்தான் மிச்சம். நான் பதில் எழுதினேன்: "இதை மட்டும் விடாதே. ஒரு மணித்தியாலம்தானே."

அவள் வந்தாள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மருந்தின் அளவை எப்படிக் குறைப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்திலிருந்து யாரோ எதையோ பலமாக இடிக்கும் சத்தம் கேட்டது. "டீச்சர், கதவு" என்றாள். அவ்வளவுதான். திரையில் அவளுடைய சதுரம் கறுத்துப் போனது.

அன்று மாலைவரை பதில் இல்லை. அடுத்த நாளும் இல்லை. வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஒன்றும் தெரியவில்லை. மருந்துக்கடையில் ஒருவருக்குக் கொடுக்கவேண்டிய மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்கப் போய், கடைசி நொடியில் கையை இழுத்துக்கொண்டேன். சாப்பாடு இறங்கவில்லை.

என் கணவர் யூட் சொன்னார், "நீர் வேணுமெண்டே செய்தனீர்? அழாதையும், ஒரு வாய் சாப்பிடும்."

"அவள் பயந்துபோய்க் கேட்டவள். நான்தான் வரச் சொன்னனான்" என்றேன். அவர் சாப்பாட்டுத் தட்டை மூடி வைத்தார்.

பன்னிரண்டாம் நாள் கல்லூரிப் பொறுப்பாளர் அழைத்தார். மூன்று கிழமை, அதாவது இருபத்தொரு நாள், தொடர்ந்து வராதவரின் இடம் காத்திருக்கும் இன்னொரு பிள்ளைக்குப் போகும் என்பது விதி. அதில் பிழை சொல்ல முடியாது. அங்கே காத்திருப்பவர்களும் பூட்டிய கதவுக்கு வெளியே நிற்பவர்கள்தான். ஆனால் ராபியாவின் பெயரை நானே எப்படி நீக்குவது?

அந்த ஞாயிறு செபக்குழுவில் உடைந்துபோனேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவர் மெதுவாகக் கேட்டார், "உந்தப் பிள்ளை வேதக்காரியோ?"

"இல்லை, கிறிஸ்தவப் பிள்ளையில்லை. முஸ்லிம் பிள்ளை."

குழுவை நடத்தும் பிலோமினா அக்கா உடனே எழும்பினார். "அதுக்கென்ன? தாய் அங்க எப்பிடித் துடிக்கிறாவோ. முழங்காலில இருப்பம், வாங்கோ."

அங்கேயும் செபிக்க எனக்கு வாய் வரவில்லை. அடுத்த நாள் மருந்துக்கடை வாசலில் காரை நிறுத்திவிட்டுக் கத்தினேன். "ஆண்டவரே, பிழை என்ர. அவளை ஏன் பிடிக்கிறீர்? அவளை உயிரோட விடும். வேற ஒண்டும் கேக்க மாட்டன்." பரீட்சையையும் பட்டத்தையும் நான் மறந்திருந்தேன். அந்தப் பிள்ளை மூச்சோடு இருந்தால் போதும் என்றிருந்தது.

மேலும் சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் காலை, கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். தெரியாத இலக்கத்திலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. "டீச்சர், நான் ராபியா. என் இடம் போய்விட்டதா?"

பனிக்குள் அப்படியே முழங்காலில் விழுந்தேன். யூட் நான் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று பயந்து ஓடி வந்தார். போனை அவரிடம் நீட்டினேன். அவரும் அழுதார்.

பிறகு பேசியபோது நடந்ததைச் சொன்னாள். கதவைத் தட்டியவர்கள் வீட்டுக்குள் வருமுன் தாய் போனை மாப் பாத்திரத்துக்குள் புதைத்துவிட்டார். தேடினார்கள், கிடைக்கவில்லை, போய்விட்டார்கள். அவர்கள் போனதும் தகப்பன் அந்தப் போனைக் கல்லால் அடித்து நொறுக்கினார். குடும்பத்தோடு மலைப்பக்கம் உறவினர் வீட்டுக்குப் போனார்கள். அங்கே இணையம் இல்லை.

"ஒவ்வொரு நாளும் பாடங்களை ஞாபகத்திலிருந்து எழுதினேன் டீச்சர். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். இன்றைக்கு அவர்தான் இன்னொருவரின் போனை வாங்கி, சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு என்னை நடத்திக் கூட்டி வந்தார்."

"என்னை மன்னித்துவிடு" என்றேன்.

"வருவதென்று முடிவெடுத்தது நான்தான்" என்றாள்.

மூன்று கிழமை முடியாததால் அவளுடைய இடம் போகவில்லை. பொறுப்பாளர் அவளுக்கு வாய்மொழிப் பரீட்சை வைக்க அனுமதித்தார். நான் கேள்விகளை வாசித்தேன், அவள் பதில் சொன்னாள். சிக்னல் கிடைக்கும் அந்த இடத்தில் தகப்பன் காவல் நின்றார். நடுவில் இரண்டு தடவை இணைப்பு அறுந்தது. இரண்டு தடவையும் என் உயிர் போய் வந்தது. பரீட்சையில் அவள் சித்தியடைந்தாள்.

அதற்குப் பிறகு நான் யாரையும் வகுப்புக்கு வற்புறுத்துவதில்லை. பாடத்துக்கு முன் ஒவ்வொருவரிடமும் பாதுகாப்பாக இருக்கிறாயா என்று கேட்கிறேன். என் செபமும் மாறிவிட்டது. முன்பு ஆண்டவருக்கு என் வேண்டுதல்களைப் பட்டியலாக வாசிப்பேன். இப்போது நெஞ்சில் இருப்பதை அப்படியே கொட்டுகிறேன். நான் கோபத்தில் கத்தியதையும் அவர் செபமாகவே எடுத்துக்கொண்டார்.

அந்த நாட்டில் கதவுகள் இன்னும் திறக்கவில்லை. இந்த மாதம் என் வகுப்பில் வேறு இரண்டு பிள்ளைகளிடமிருந்து பதில் இல்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. உங்களில் சிலரும் யாரோ ஒருவரின் பதிலுக்காகக் காத்திருந்து களைத்திருப்பீர்கள். செபிக்க வார்த்தை வராவிட்டால் கத்துங்கள், அழுங்கள், அவர் கேட்பார். இப்போது என்னோடு அந்த இரண்டு பிள்ளைகளுக்காகவும் முழங்காலில் இருப்பீர்களா?