நாலு மில்லிமீட்டர் கீழே: பத்து பாகாட்டிலிருந்து ஜொகூர் பாரு வழியாகப் பொந்தியானுக்கு

போன மாதம் ஒரு வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, என் இடுப்படித் தசையை அளந்து பார்க்க, என் ஊரான பத்து பாகாட்டிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் பஸ் ஏறினேன். ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். கார் இல்லாமல் போகக்கூடிய கடற்கரை, கோயில், நல்ல மீன்கறிக் கடை என்றுதான் இந்த வலைப்பூவில் இதுவரை எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை ஆஸ்பத்திரி. முகம் சுளிக்கிறவர்கள் இப்போதே மூடிவிட்டுப் போகலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இடுப்படித் தசை என்பது மூத்திரப்பை, கர்ப்பப்பை எல்லாவற்றையும் கீழிருந்து தாங்குகிற தசை. அது தளர்ந்தால் இருமும்போது, சிரிக்கும்போது மூத்திரம் கசியும். பொந்தியானில் இருக்கும் என் அண்ணிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, இரண்டாவது பிள்ளை பிறந்து ஆறு வருடமாக இதே பாடுதான். கல்யாண வீட்டில் கதவோரமாகத்தான் உட்காருவார். கோயிலுக்கு வருவதையே விட்டுவிட்டார். அண்ணனுக்குக்கூடத் தெரியாது, என்னிடம் மட்டும்தான் சொன்னார். நான் சும்மா இருப்பேனா? போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, அந்தத் தசைக்கான பயிற்சியை அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். நாலு மாதம், தினமும் இரண்டு வேளை, நான் போனில் எண்ண எண்ண அவர் செய்தார். கசிவு கொஞ்சமும் குறையவில்லை. "என் உடம்புதான் சரியில்ல மாலா, நீ என்னா செய்வ" என்பார். நானும் பெரிய வாத்தியார் மாதிரி "இன்னும் நல்லா அழுத்திச் செய்யுங்க அண்ணி" என்று விரட்டுவேன்.

அப்போதுதான் எங்கள் ஊர் கிளினிக் சுவரில் ஓர் அறிவிப்பைப் பார்த்தேன். ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சிக்காக இந்தத் தசை எவ்வளவு அசைகிறது என்று அளக்க, எந்தக் கோளாறும் இல்லாத பெண்கள் வேண்டுமாம். நல்ல உடம்பு எப்படி அசையும் என்று தெரிந்தால்தானே கெட்டுப்போனதைச் சரி பண்ண முடியும். எனக்கு வயது முப்பத்தெட்டு, ஒரு பிள்ளை, ஒரு சொட்டு கசிந்ததில்லை. அங்கே அளந்து பார்த்து, அண்ணி எதில் தவறுகிறார் என்று கேட்டு வந்துவிடலாம் என்று பெயர் கொடுத்தேன்.

என் வீட்டுக்காரர் வாய் சும்மா இருக்காமல் இதை அண்ணனிடம் உளறிவிட்டார். அண்ணன் போன் போட்டுக் கத்தினார். "நல்லா இருக்கிற பொம்பள எதுக்கு அங்க போய்ப் படுக்கணும்? மானம் போயிரும்."

"போற மானம் என்னோடது, பஸ் டிக்கெட்டும் என்னோடதுண்ணே" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வெள்ளனே பசியாறிவிட்டு ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தேன். டிக்கெட் பதினைந்து ரிங்கிட். ஏறக்குறைய நூற்று முப்பது கிலோமீட்டர். ஒன்பது இருபத்தைந்துக்கு லார்க்கின் பஸ் நிலையத்தில் இறங்கினேன். அவர்கள் போட்ட நிபந்தனை இது: பத்து மணிக்கு மூத்திரம் போய்விட்டு, உடனே அறுநூறு மில்லி தண்ணீர் குடிக்க வேண்டும். பதினோரு மணிக்கு அளந்து முடிக்கிறவரை போகக் கூடாது. மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் ஸ்கேனில் தெளிவாகத் தெரியுமாம்.

அடக்குவதில் எங்களை யாரும் மிஞ்ச முடியாது. நான் வேலை செய்யும் தையல் ஆலையில் நாற்பது பேருக்கு ஒரே ஒரு டாய்லெட் அட்டை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடி, ஐந்து நிமிடத்தில் மெஷினுக்குத் திரும்பிவிட வேண்டும். அதனால் தண்ணீரே குடிக்க மாட்டோம். போனாலும் முக்கித் தள்ளிவிட்டு ஓடிவருவோம். பதினெட்டு வருடமாக என் பழக்கமும் அதுதான்.

சொன்னபடியே பத்து மணிக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டு, பத்தேகாலுக்குக் கிராப் டாக்ஸி ஏறினேன், பன்னிரண்டு ரிங்கிட். ஓட்டியவர் நம்ம ஆள். "ஆஸ்பத்திரியில யாருக்குக்கா உடம்பு சரியில்ல?" என்று கேட்டார்.

"யாருக்கும் இல்ல தம்பி. எனக்கு உடம்பு நல்லா இருக்குன்னுதான் போறேன்."

"அலமாக், இப்படி ஒரு ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன் லா" என்று ஆச்சரியப்பட்டுச் சிரித்தார். வழியில் டிராபிக் ஜாம். ஒவ்வொரு மேட்டிலும் வயிறு குலுங்கியது. பத்து ஐம்பதுக்கு அடக்கிப் பிடித்தபடி படியேறினேன்.

அளந்தவர் நூருல் என்ற பிசியோதெரபிஸ்ட். மலாய்க்காரப் பெண், என்னைவிடச் சின்னவர். மலாயில்தான் பேசினோம். கையெழுத்துப் போடும்போது "புருஷன் கையெழுத்து வேணுமா?" என்று வேண்டுமென்றே கேட்டேன். "உடம்பு உங்களுடையதுதானே" என்றார். அப்போதே பிடித்துப்போனது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கினேன். அடிவயிற்றில் ஜெல் தடவி ஸ்கேன் கருவியை வைத்தார், அவ்வளவுதான். பாவாடையை இடுப்புக்குக் கீழே கொஞ்சம் இறக்கியதைத் தவிர ஒன்றும் கழற்றவில்லை. திரையில் கறுப்பாகத் தெரிந்தது மூத்திரப்பை. அதன் அடியில் ஒரு வெள்ளைக் கோடு. தசையை இறுக்கினால் அந்தக் கோடு மேலே ஏற வேண்டும்.

அண்ணிக்குச் சொல்லிக் கொடுத்த அதே வித்தையைச் செய்தேன். கோடு கீழே இறங்கியது. மூன்று தடவை அளந்தார். மூன்று தடவையும் நாலு மில்லிமீட்டர் கீழேதான்.

"தூக்கச் சொன்னேன், நீங்கள் தள்ளுகிறீர்கள்" என்றார் நூருல். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாலு மாதமாக அண்ணியைத் தள்ளத்தானே வைத்திருக்கிறேன்! ஏற்கெனவே தளர்ந்த தசையை இன்னும் நல்லா அழுத்துங்க, அழுத்துங்க என்று விரட்டியது நான்தானே!

"இதை அழித்துவிடுங்கள், நான் மறுபடியும் செய்கிறேன்" என்றேன். அவர் மாட்டேன் என்றார். "கோளாறே இல்லாத பெண்களிலும் சிலர் இப்படித் தள்ளுகிறார்கள். இதை அழித்தால் என் ஆராய்ச்சி பொய்யாகிவிடும்." கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னதுதான் நியாயம். சரி, அளவு அப்படியே இருக்கட்டும், எப்படித் தூக்குவது என்று கற்றுக்கொள்ளாமல் இந்தக் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்றேன். மூச்சை அடக்காமல், காற்று வெளியேறாமல் தடுக்கிற மாதிரி உள்ளே இழுத்து மேலே தூக்க வேண்டும். ஏழெட்டுத் தடவை தோற்றேன். கடைசியில் அந்தக் கோடு மெல்ல மேலே ஏறியதை என் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு டாய்லெட்டுக்கு ஓடியதை எழுத வேண்டியதில்லை.

நேராக வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. லார்க்கினிலிருந்து ஒன்று நாற்பது பஸ்ஸில் பொந்தியானுக்குப் போனேன். அறுபது கிலோமீட்டர், ஆறு ரிங்கிட் ஐம்பது சென். அண்ணி அடுப்படியில் இருந்தார். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னேன். "உங்க உடம்புல தப்பில்ல அண்ணி. நான் சொல்லிக் குடுத்ததுதான் தப்பு. தலைகீழாச் சொல்லிக் குடுத்துட்டேன்."

அவர் கரண்டியைத் தொட்டியில் போட்டார். "நாலு மாசம் மாலா! நாலு மாசமா நான் என் உடம்பையே திட்டிக்கிட்டு இருந்தேன், தெரியுமா?" அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "திட்டுங்க அண்ணி" என்றேன். நன்றாகவே திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

சத்தம் கேட்டு அண்ணன் வந்தார். என்னைப் பார்த்ததும், "மானத்த வாங்கிட்டு வந்துட்டியா?" என்றார்.

அண்ணி அவர் பக்கம் திரும்பினார். "அவ நல்லாத்தான் இருக்கா. எனக்குத்தான் ஒழுகுது. ஆறு வருஷமா. நாளைக்கு கிளினிக்குக்குப் போகணும், லீவு போடுங்க."

அண்ணன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்ற மாதிரியா நீங்க இருந்தீங்க?"

மறுநாள் அவரேதான் காரை எடுத்தார்.

இப்படிப் போக நினைக்கிறவர்களுக்கு: தளர்வான பாவாடை கட்டிக்கொள்ளுங்கள். பஸ்ஸிலேயே தண்ணீரைக் குடித்துத் தொலைக்காதீர்கள், ஜொகூர் பாரு ஜாம் உங்கள் மூத்திரப்பைக்காகக் காத்திருக்காது. பெண்தான் அளக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். கசிகிறவர்கள் அரசு கிளினிக்கில் வாய்விட்டுச் சொல்லி, பிசியோவுக்குக் கடிதம் கேளுங்கள். தூக்குகிறீர்களா தள்ளுகிறீர்களா என்று தெரிந்தவர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். வீடியோவை நம்பி அடுத்தவருக்கு வாத்தியார் வேலை பார்க்காதீர்கள், நான் பார்த்தது போதும்.

இதை வெளியிடும் முன் அண்ணிக்குப் போனில் முழுதாகப் படித்துக் காட்டினேன். அண்ணி என்பதை மாற்றி, தெரிந்தவர் ஒருவர் என்று போடட்டுமா என்று கேட்டேன்.

"எவ எவளோ என்ன மாதிரி கதவோரம் உக்காந்திருப்பா. பேரைப் போடு மாலா. பரமேஸ்வரின்னு முழுசாப் போடு."